கொழுத்த மொட்டு

எங்கள் சந்தில் யாரும் யாரிடமும் செடி வாங்குவதில்லை. திருடித்தான் கொண்டு போவோம். கையில் கொடுத்த போத்து வேர் பிடிக்காது, திருடின போத்துதான் தளதளவென்று வரும் என்பது வோல்கா கரையில் தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் கொடுக்கிறவர் கிளையைத் துண்டு துண்டாக வெட்டி வேலியோரம் வைத்துவிட்டு, "அடுப்புல கெட்டில் கொதிக்குது, பாத்துட்டு வரேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார். வந்தவர் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார். நன்றி சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் செடி பட்டுப்போகும். ஆக நாங்கள் எல்லோரும் திருடர்கள், அதிலும் நன்றி கெட்ட திருடர்கள். இதைச் சொல்லிச் சிரிப்பதும் எங்கள் வழக்கம்தான்.

கினேஷ்மா நூல் ஆலைக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே காட்டைத் திருத்திப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் எங்களுடையவை. ஆளுக்கு ஒரு பலகை வீடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் வெள்ளரி, வேலியோரம் ஸ்மரோதினா. கறுப்பு ஸ்மரோதினா இல்லாத வேலி எங்கள் பக்கத்தில் வேலியே இல்லை. இடுப்பளவு புதர்தான், கொத்துக் கொத்தாகச் சின்னக் கறுப்புப் பழம். இலையைத் தொட்டுவிட்டால் அன்று முழுவதும் விரலில் வாசனை போகாது. அந்த இலை இல்லாமல் வெள்ளரிக்காயை உப்பில் போடமாட்டோம். பழத்தை இறைச்சி அரைக்கிற எந்திரத்தில் பச்சையாக அரைத்து, சரிக்குச் சரி சர்க்கரை போட்டு ஜாடியில் அடைத்துவிட்டால் குளிர்காலத்து இருமலுக்கெல்லாம் அதுதான் மருந்து. நான் சொல்கிற வருடங்களில் சர்க்கரை கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கிடைத்ததையெல்லாம் பழத்துக்கு எடுத்துவைத்துவிட்டு நாங்கள் வெறும் தேநீரைக் குடித்தோம். முகம் சுளிக்காமல் குடித்தோம் என்று சொன்னால் பொய்.

சந்திலேயே பெரிய பழம் ரிம்மாவின் புதரில்தான். செர்ரி அளவுக்கு இருக்கும். அவள் பிறந்த கிராமத்திலிருந்து கொண்டுவந்த செடி. ஆலைக்காரர்கள் பலரும் அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்தவர்கள், மண்ணில் எது மேல் எது கீழ் என்று தெரியாதவர்கள். அவர்களுக்கெல்லாம் ரிம்மா சொன்னதுதான் வேதம். 'ஸ்மரோதினா ரிம்மா' என்றால் பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும். தறிக்கூடத்துச் சத்தத்தில் மந்தமான காது அவளுக்கு. எதிரில் நிற்பவரிடம் பேசினாலும் ஆற்றின் அக்கரையில் இருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவாள். அவள் ரகசியம் சொன்னால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அவள் புருஷன் வெனியமின், எங்களுக்கு வேன்யா, ரயில் என்ஜின் ஓட்டியவன். ஓய்வு பெற்று வந்ததும் வேலையில்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பலகையைத் தேய்த்தான். சந்துக்காரர்கள் பரிதாபப்பட்டு அவனைச் சந்துப் பொறுப்பாளராக ஆக்கினோம். தண்ணீர்ப் பம்பைத் திறந்து மூடுவது, பாதையில் பள்ளம் விழுந்தால் கத்துவது, இவ்வளவுதான் வேலை. அதற்கே அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்புறம் தோட்டத்தையும் கையில் எடுத்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் போத்து வெட்டியது அவன்தான். பெஞ்சைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு, கத்தரியோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். சந்தே கூடியிருந்தது.

"பாருங்கய்யா, இதெல்லாம் மொட்டா? முட்டைக்கோசு! சின்னச் சின்ன முட்டைக்கோசு!" என்று ஒரு கிளையைத் தூக்கிக் காட்டினான்.

"அடேயப்பா, பட்டாணி கணக்கா உருண்டிருக்கே!" என்றாள் அடுத்த தோட்டத்து ஜினாயிதா. சந்தின் வானொலி அவள்தான். "எனக்குக் கொழுத்ததா பாத்து வெட்டு வேன்யா. உன்னாட்டம் ஒல்லிப்பிச்சான் வேணாம்."

"கொழுத்தது வேணும்னா உன் புருஷனையே நட்டு வெக்கலாமே. வேர் பிடிக்குதோ இல்லையோ, இடத்தை விட்டு நகரமாட்டான்."

"நகர்றானே! சாராயக் கடை திறந்தா நகர்றான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரிம்மா உருளைக்கிழங்கு வாளியோடு வந்தவள் அந்தக் கிளையைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

நல்ல மொட்டு மெலிந்து, கூர்மையாக, கிளையோடு ஒட்டிக்கிடக்கும். உருண்டு கொழுத்த மொட்டுக்குள் இருப்பது இலை இல்லை, பேன். கண்ணுக்குத் தெரியாத பேன், ஒரு மொட்டுக்குள் ஆயிரக்கணக்கில். வசந்தத்தில் வெளியே வந்து காற்றில் பறந்து அடுத்த செடிக்குப் போகும். பிடித்த செடி பூக்கும், காய்க்காது. ரிம்மா கிராமத்துப் பெண். அந்த மொட்டை நசுக்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவளுக்கு இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கீழே போடு வேன்யா" என்றால் முடிந்தது. ஆனால் ஊரே அவள் செடியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறது. வீட்டில் முடங்கிக் கிடந்த மனுஷன் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடுகிறது. ஸ்மரோதினா ரிம்மாவின் செடியில் பேன் என்று எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? மார்ச்சில் வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும், எல்லோரையும் ஊற்றச் சொல்லிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் மனசு ஒரு கதை கட்டிக்கொடுத்தது. மனசுக்கு இந்த மாதிரிக் கதை கட்ட நேரமே ஆவதில்லை. அவ்வளவு பெரிய தொண்டை உள்ளவள் வாயில் கொழுக்கட்டையை அடைத்தது போல நின்றாள்.

வெனியமின் முதுகைக் காட்டினான். "கெட்டிலைப் பாக்கப் போறேன். திருட்டுப் பசங்களா, சீக்கிரம்!"

கடைசியாக எடுத்தது ஃபாயினா. சந்தின் கோடித் தோட்டத்துக்காரி, ஆலை உணவுக்கூடத்தில் ரொட்டி வேலை. வடக்கே மரம் வெட்டுகிற ஊரில் இருந்தவள், புருஷன் செத்த பிறகு இங்கே வந்தாள். வரும்போது அவன் நட்டிருந்த ஸ்மரோதினாப் புதர்களையும் மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்தாள். எல்லோரையும் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து, நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவாள். "சென்சஸ் எடுக்க வந்தவ மாதிரி" என்று ஜினாயிதா பின்னால் கேலி செய்வாள். ஃபாயினா போத்தை எடுத்தாள், மொட்டைப் பார்த்தாள், பிறகு ரிம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ரிம்மா குனிந்து, கீழே விழாத கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

மார்ச்சில் முழங்காலளவு பனி கிடக்கும்போது எங்கள் பக்கத்தில் ஸ்மரோதினாவுக்கு வெந்நீர் வார்ப்போம். மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும்போது, பூவாளியில் கொதிநீரை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடித் தலையில் ஊற்றிவிட வேண்டும். எல்லோரும் ஒரு தடவை ஊற்றினோம். ரிம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் புதரைச் சுற்றிப் பனி உருகிக் கறுப்பு மண் வட்டமாகத் தெரிந்தது.

"ஏன் ரிம்மா, செடியை அவிச்சு சூப்பு வெக்கப் போறியா?" என்று நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். வழக்கமாக என்றால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்குக் காது கேட்காதது போலப் போய்விட்டாள்.

சந்தில் மற்றவர்களிடம், "வெந்நீர் ஊத்துங்க, நல்லா ஊத்துங்க" என்று சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அந்தக் கோடையில் பழம் பரவாயில்லாமல் இருந்தது. ஜாடிகள் நிறைந்தன. தப்பித்துவிட்டோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் மறுபடி பஸ் நிறுத்தம் வரைக்கும் போனது.

அதற்கடுத்த வசந்தத்தில்தான் வினை வந்து வாசலில் நின்றது.

காட்டுமரங்கள் வெள்ளையாகப் பூக்கிற வாரம் குளிர் திரும்பி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். தலையில் கம்பளித் துணி, காலில் ரப்பர் பூட்ஸ், பம்படியில் எல்லோரும் வாளியோடு நின்றோம். வழக்கமாகத் தண்ணீருக்குச் சண்டை நடக்கும். அன்றைக்கு வேறு பேச்சு.

"மொட்டு விரியவே இல்ல. வீங்கி, காஞ்சு, நசுக்கினா மாவாப் போகுது" என்றாள் ஜினாயிதா.

"எனக்கும் அதே கதிதான்" என்றேன். "பூத்த ரெண்டும் பூ மாதிரியா இருக்கு? கந்தல் துணி மாதிரி இருக்கு."

"பேன்! என் நாத்தனார் வந்து பாத்துட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டா. தோண்டி எரிக்கணுமாம். ஒரு குச்சி மிச்சம் வெச்சாலும் திரும்ப வருமாம்."

"எரிக்கிறதா? சர்க்கரையெல்லாம் சேத்து வெச்சிருக்கேனே!"

"சர்க்கரையை வெச்சு உன் புருஷன் சாராயம் காய்ச்சுவான், கவலைப்படாதே" என்றது ஒரு குரல். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெனியமின் பம்பின் திருகைப் பிடித்தபடி யோசித்தான். பொறுப்பாளர் யோசித்தால் சந்துக்கு ஆபத்து என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"காரணம் இல்லாம வருமா? இத்தனை வருஷம் இல்லாதது இப்ப எங்கேர்ந்து வந்துது? நம்ம சந்துல எல்லார் வீட்டுலயும் இருக்கிறது நம்ம செடி. வெளியூர்ச் செடி யார்கிட்ட இருக்கு?"

ஜினாயிதாவின் கண் விரிந்தது. "வடக்கத்தி! கோடி வீட்டுக்காரி! மண்ணோட பேத்துக்கிட்டு வந்தாளே!"

"அதான் பாத்தேன், யாரோடயும் ஒட்டாம இருக்காளேன்னு."

"இருக்கமாட்டாளா பின்ன? குத்தமுள்ள நெஞ்சு."

ரிம்மாவும் அங்கேதான் நின்றாள். வாளி நிரம்பி வழிந்து அவள் பூட்ஸில் தண்ணீர் கொட்டியது. அவள் அதைக்கூடப் பார்க்கவில்லை. "என்ன ரிம்மா, நீ சொல்லு. உனக்குத் தெரியாததா?" என்று ஜினாயிதா கேட்டாள்.

"செடியைப் பாக்காம எப்படிச் சொல்றது" என்றாள் ரிம்மா. அந்தக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பார்க்கத்தான் போனார்கள். ஃபாயினா படியில் வந்து நின்றாள், முழங்கை வரை மாவு. "என் செடியில ஒண்ணும் இல்ல, வெனியமின் செர்கேயிச். உள்ள வந்து பாத்துக்கோங்க" என்று கதவை அவளே திறந்துவிட்டாள். கிளை கிளையாகப் புரட்டினார்கள். அடர்ந்து, பச்சைப் பசேலென்று இருந்தன புதர்கள். எங்கள் சந்தில் அந்த வருடம் அப்படித் துளிர்த்தது அவை மட்டும்தான். அதைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. தேடிப் போனவர்களுக்குத் தேடினது கிடைத்துவிட்டது.

"இந்தா! இதோ! இதோ இன்னொண்ணு!" என்று ஜினாயிதா கத்தினாள். அடுத்த தோட்டத்து வேலியைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையில் இரண்டு மொட்டு உருண்டிருந்தன.

"அது காத்துல வந்தது" என்றாள் ஃபாயினா. "அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது. மத்த கிளையைப் பாருங்க, ஒண்ணுகூட இல்ல."

"திருடன் எப்பவும் அடுத்த வீட்டைத்தான் கைகாட்டுவான்."

ஃபாயினா திரும்பினாள். ரிம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ரிம்மா தன் ஈர பூட்ஸைப் பார்த்தபடி நின்றாள். ஒரு பொம்பளையை ஊரே சேர்ந்து அவமானப்படுத்தும்போது, உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் காலைக் குனிந்து பார்த்தால் அந்த இடத்தில் வேறு என்ன நடக்கும்?

"அதை என் வீட்டுக்காரர் நட்டார்" என்றாள் ஃபாயினா கடைசியில். "நானே தோண்டிடறேன். நீங்கல்லாம் போங்க."

வெனியமின் அதற்குள் மண்வாரியை இறக்கிவிட்டான். வேர் அறுபடுகிற சத்தம் கேட்டது. பழைய வேர், நிறைய நேரம் பிடித்தது. டீசல் ஊற்றி அவள் வாசலிலேயே கொளுத்தினார்கள். ஸ்மரோதினா எரிந்தாலும் மணக்கும். அந்தப் புகை சந்து முழுவதும் தேநீர் வாசனையாகப் போனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது கண்முன்னால் நடந்தது.

பிறகு எல்லார் புதர்களும் தீக்குப் போயின. ரிம்மாவுடையதும்தான். அது எரியும்போது சந்தே துக்கம் விசாரிக்க வந்தது.

"உன் செடியையே நாசம் பண்ணிட்டாளே பாவி" என்று ஜினாயிதா அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்களுதெல்லாம் போனாப் போகுது. உன்னுது!"

ரிம்மா அந்த அணைப்புக்குள் மரம் மாதிரி நின்றாள். அதைவிடத் தன் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

பழமில்லாத கோடை அது. வெள்ளரிக்காய் மட்டும் வஞ்சகமில்லாமல் காய்த்தது. ஃபாயினாவோடு யாரும் பேசவில்லை. பம்படியில் அவள் வாளி முதலில் வந்தாலும் கடைசியில்தான் நிரம்பியது. ஒருநாள் ஜினாயிதா அந்த வாளியைக் காலாலேயே தள்ளி ஓரமாக வைத்தாள். ஃபாயினா அதை எடுத்து, ஒட்டின மண்ணைத் துடைத்து, "நான் அப்புறம் வரேன், ஜினாயிதா பெத்ரோவ்னா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா பெயரைக்கூட விடவில்லை.

மறுநாள் ரிம்மா வெள்ளரிக்காயை ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நீளத் தண்டோடு சோயாக்கீரை, பூண்டு, செர்ரி இலை எல்லாம் இருந்தது. கை பழக்கத்தில் ஸ்மரோதினா இலைக்கு நீண்டு, வெறும் மேசையில் பட்டது. வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. அவள் தொண்டையும் அப்படி. அதனால் இந்தப் பேச்சை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"வேன்யா. அது நம்ம செடி."

"எது?"

"பேன் வந்தது. நம்ம செடியிலேர்ந்து. நீ வெட்டி வெச்சியே, அந்தப் போத்துல. முட்டைக்கோசு முட்டைக்கோசுன்னு காட்டினியே, அதுதான் பேன்."

கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம். பிறகு வெனியமின் சிரித்தான். "வெயில்ல நின்னியா?"

"அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" நாற்காலி நகர்ந்தது. "தெரிஞ்சுகிட்டு நின்னியா? என்னைக் கோமாளி ஆக்கிட்டு வேடிக்கை பாத்தியா? அந்தப் பொம்பளை வாசல்ல மொத மண்வாரியை இறக்கினவன் நான்டீ!"

"எல்லாரும் புகழ்ந்தாங்க. உன் மூஞ்சியும் அன்னிக்கு நல்லா இருந்துது. வாய் வரல."

"உனக்கா வாய் வரல? உனக்கா?"

"எனக்குத்தான்."

அவன் நடக்கிற சத்தம். பலகை முனகியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி, "இங்க பாரு. நாமளா குடுத்தோம்? நான் முதுகைக் காட்டிட்டு நின்னேன். அவங்கதான் திருடிட்டுப் போனாங்க. சந்துக்கே தெரியும். திருடினவனுக்கு வியாதி வந்தா வீட்டுக்காரனா பொறுப்பு?"

"நீ பேசறது உனக்கே கேக்குதா வேன்யா?"

"இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? எல்லாம் சாம்பலாச்சு. அவளும் பழகிட்டா."

"பழகிட்டாளா? நேத்து அவ வாளியை ஜினாயிதா காலால தள்ளினா. நீயும் பாத்தே, நானும் பாத்தேன். அந்தம்மா மண்ணைத் துடைச்சுட்டுப் போச்சு. எனக்கு அந்த இடத்துலயே நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருந்துது."

"சொன்னா நாளைக்கு உன் வாளியைத் தள்ளுவாங்க."

ஜாடியில் மூடி இறுகுகிற சத்தம் கேட்டது. அந்த வருடத்து வெள்ளரிக்காய் எங்கள் எல்லார் வீட்டிலும் பாதி ருசியாகத்தான் இருந்தது.

இலை உதிர்ந்ததும் ரிம்மா பஸ் மாறி பஸ் ஏறித் தங்கை ஊருக்குப் போனாள். திரும்பும்போது கையில் ஒரு ஈரச் சாக்கு, அதற்குள் வேரோடு ஒரு இளம் புதர். அவள் கொண்டுவந்தது தனக்கில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை, சாக்கைத் தூக்கிக்கொண்டு கோடித் தோட்டத்துக்கு நடந்தாள். ஃபாயினா வேலி ஓரம் காய்ந்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் எதிர்த் தோட்டத்தில் இரவல் வாங்கிய பாத்தியில் கேரட்டைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

"ஃபாயினா, உன் கெட்டில் கொதிக்குதான்னு போய்ப் பாரு. நான் இங்க ஒண்ணு வெச்சுட்டுப் போறேன்" என்றாள் ரிம்மா. திருட்டுக்கே தலைகீழ்த் திருட்டு.

"கெட்டில் வெக்கல, ரிம்மா பாவ்லவ்னா" என்றாள் ஃபாயினா. நிமிர்ந்து நின்றாள். நகரவில்லை.

ரிம்மா சாக்கைப் பிரித்துக் காட்டினாள். "என் தங்கச்சி வீட்டுச் செடி. சுத்தமானது. ஒவ்வொரு மொட்டா பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"பாத்திருப்பீங்க. உங்களுக்குப் பாக்கத் தெரியும்."

ரிம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கம்பளித் துணியின் முனையைப் பிடித்துத் திருகினாள். பிறகு உதடு அசைந்தது.

"என்ன சொன்னீங்க?"

"மன்னிச்சுடுன்னு சொன்னேன்."

"கேக்கல."

"மன்னிச்சுடு ஃபாயினா." இப்போதும் காற்றுதான் வந்தது.

ஃபாயினா கையிலிருந்த கொடியைக் கீழே போட்டாள். "அன்னிக்கு உங்க வேலியிலேர்ந்து எடுத்த போத்தை நான் நடல. வீட்டுக்கு வந்ததும் அடுப்புல போட்டேன். பேன்னு எனக்கும் தெரிஞ்சுது. உங்க மூஞ்சியைப் பாத்ததும் உங்களுக்கும் தெரியும்னு தெரிஞ்சுது. நாளைக்குச் சொல்லுவாங்க, அடுத்த வாரம் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கமா இருக்கும், வீடு வீடாப் போய்ச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல? உன் செடியைத் தோண்டும்போதாவது..."

"நான் சொல்லி யார் நம்புவா? நான் வடக்கத்தி. நீங்க ஸ்மரோதினா ரிம்மா." கையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். "அதோட, நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. கடைசி வேர் அறுபடற வரைக்கும் நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரிம்மா அழ ஆரம்பித்தாள். அதையும் சத்தமில்லாமல் அழுதாள்.

"அழாதீங்க. செடிக்கு நன்றி சொல்லக்கூடாது, அது வழக்கம், நான் சொல்லமாட்டேன்" என்றாள் ஃபாயினா. "மன்னிப்புக் கேட்டா வேர் பிடிக்காதுன்னு வழக்கம் ஒண்ணும் இல்லையே? அப்புறம் ஏன் அதைக் காதுக்குள்ள சொல்றீங்க? என் செடியைக் காதுக்குள்ளயா கொளுத்தினாங்க? மத்த நாள்ல உங்க குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குமே."

அவள் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை, தள்ளவும் இல்லை. "இது இங்கயே இருக்கட்டும். சாக்கு ஈரமாத்தான் இருக்கு. மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

குளிர்காலத்துக்கு முன்னால் பம்பைக் காலி செய்து மூடுகிற நாள் அது. கடைசித் தண்ணீர் பிடிக்க எல்லோரும் பம்படிக்கு வந்திருந்தார்கள். நானும் கேரட் மண்ணோடு கையைக் கழுவப் போனேன். கழுவத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெனியமின் பெரிய ஸ்பானரோடு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி வருகிற நடையைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ரிம்மா, வா, வீட்டுக்குப் போகலாம். உனக்கு உடம்பு சரியில்ல" என்று எழுந்தான்.

"தண்ணியை நிறுத்து வேன்யா. சத்தமா இருக்கு."

"ரிம்மா..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

அது அவள் பழைய குரல். காட்டிலிருந்து காக்கை எழும்பியது. வெனியமின் திருகை மூடினான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து நின்றது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள். "பேன் ஃபாயினாகிட்டேர்ந்து வரல. என் செடியிலேர்ந்து வந்துது. போத்து வெட்டின அன்னிக்கே நான் மொட்டைப் பாத்தேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சே உங்களை எடுத்துட்டுப் போக விட்டேன். என் பேர் கெட்டுப்போகும்னு வாயை மூடிக்கிட்டேன். அவ செடியைத் தோண்டும்போதும் வாயை மூடிக்கிட்டேன். உங்க ஜாடி காலியா இருக்கிறது என்னால. அவ புருஷன் நட்ட செடி சாம்பலானது என்னால. இவ்வளவுதான். மன்னிக்கணும்னு உங்களைக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து அவள் நின்றது தெரிந்தது. திட்டினால்கூடப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். ஆனால் திட்டுவதற்கு எங்களுக்குத்தான் என்ன யோக்கியதை இருந்தது? வெனியமின் தோண்டும்போது சுற்றி நின்று கிளை பொறுக்கிப் போட்ட கைகள்தான் இப்போது வாளியைப் பிடித்திருந்தன. வெட்கம் என்பது ஒருத்தரோடு நிற்பதில்லை. அந்தப் பேன் மாதிரிதான், காற்றிலே வந்து எல்லோர் மேலும் உட்கார்ந்தது.

ஜினாயிதா ரிம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வலதுகாலைப் பார்த்தாள். வாளியைத் தள்ளின கால்.

"தோண்டினது நான்" என்றான் வெனியமின். ஸ்பானரைக் கீழே வைத்தான். "அதையும் சேத்துக்கோங்க."

ஒருத்தர் தன் வாளியை எடுத்துக்கொண்டு போனார். பின்னால் இன்னொருத்தர். ரிம்மாவைத் தாண்டும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சந்தில் அவளை யாரும் ஸ்மரோதினா ரிம்மா என்று கூப்பிட்டதில்லை.

அவள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு, செடி வெயிலில் கிடக்கிறதே என்ற நினைப்பு வந்ததோ என்னவோ, கோடித் தோட்டத்தை நோக்கி நடந்தாள். நானும் விட்டுவந்த கேரட்டுக்குத் திரும்பினேன்.

ஃபாயினா வேலியோரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பழைய புதர்கள் இருந்த இடம் இல்லை, தள்ளி, புது மண்ணில். பாதிக்கு மேல் வெட்டியிருந்தாள்; பம்படிக் குரல் இங்கே வரைக்கும் வந்திருக்க வேண்டும். ரிம்மா கதவுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரத் தைரியம் இல்லை. ஃபாயினா அவளைத் திரும்பிப் பார்க்காமலே சாக்கைப் பிரித்து, புதரைக் குழியில் ஸ்மரோதினா நடவேண்டிய மாதிரி சாய்த்து வைத்து, வேரை விரலால் பிரித்துவிட்டாள். மண்ணைத் தள்ளினாள். நன்றி என்று சொல்லவில்லை.

"ரிம்மா" என்றாள். அப்பா பெயர் இல்லாமல், வெறும் ரிம்மா. "அங்க என்ன நிக்கறே? அந்த வாளியை எடுத்துட்டு வா. மண்ணு காஞ்சு கிடக்கு."